பேர் கூப்பிடுற வரைக்கும்

கையைத் தூக்கச் சொன்னால் வடிவேலுவின் கை தோள்மட்டத்தோடு நின்றுவிட்டது. பெண்டாட்டி முத்தம்மா டி-சர்ட்டின் கழுத்தை முதலில் அவன் தலைவழியாக நுழைத்தாள். பிறகு கைப்பகுதிக்குள் தன் கையை விட்டு, அவன் விரல்களைப் பிடித்து வெளியே இழுத்தாள். முப்பது வருஷம் படகு தள்ளிய கை. ஈரத்துணி மாதிரி கூடவே வந்தது.

"மெதுவாம்மே. வலையா இழுக்கற? மனுசன்மே."

"பேசாத. மூச்ச மிச்சம் புடி."

டி-சர்ட் நீல நிறம். மார்பில் வெள்ளையாக ஓர் ஆமை, அதைச் சுற்றி இங்கிலீஷில் ஏதோ எழுத்து. முந்தாநாள்தான் கூரியரில் வந்தது. ஆமைக்காரர்கள் அனுப்பியது. பொங்கல் முடிந்ததிலிருந்து வெயில் முற்றும் வரை கடற்கரையில் நடந்து, ஆமை இட்ட முட்டைகளைத் தோண்டி எடுத்து, வேலி போட்ட மணலில் மறுபடி புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிற கூட்டம். அடையாறு, மயிலாப்பூர் பக்கத்துப் படித்தவர்களும் காலேஜ் பிள்ளைகளும். அவர்களோடு ஏழு வருஷமாகச் சுற்றியதில் வடிவேலுவும் பட்டினப்பாக்கத்தில் 'ஆமை வடிவேலு' ஆகிவிட்டான். போன வருஷம் ஊரடங்கு வந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்தார்கள். ஆமைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்குக் கரையேறின. வடிவேலு ஒருத்தன்தான் போனான். இந்த வருஷம் இரண்டாம் அலையிலும் அவன்தான் போனான்.

அதற்காகத்தான் இன்றைக்குப் பாராட்டு விழா. போனிலேயே மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு.

மகள் நிஷா போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்பவள். கடை மூடி மூன்று வாரம் ஆகிறது. போனை வைத்துவிட்டு அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளக்கிற ஒரு சின்னக் கருவியைக் கவ்வவிட்டாள். அதுவும் ஆமைக்காரர்கள் டி-சர்ட்டோடு அனுப்பிய டப்பாவில் இருந்ததுதான்.

"எவ்ளோடீ?" என்றாள் முத்தம்மா.

"எண்பத்தெட்டு."

வடிவேலு சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எண்பத்தெட்டா? ஸ்கூல்ல நான் முப்பத்தஞ்சத் தாண்டுனதே இல்ல."

"நைனா, இது தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்." நிஷா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, போய்டலாம்மா. மீட்டிங் வேணாம்."

கீழே சந்தில் ஆட்டோ ஹாரன் இரண்டு முறை அடித்தது. அப்புறம் மூன்று மாடி ஏறி பீர் முஹம்மதே வாசலில் வந்து நின்றான். பக்கத்து பிளாக்குக்காரன். வடிவேலுவோடு சின்ன வயசில் கடலில் குளித்தவன். மாஸ்க்குக்கு மேலே ஒரு துண்டும் சுற்றியிருந்தான்.

"இன்னாக்கா லேட்டு? முழு ஊரடங்கு இன்னிக்கு. போலீஸ் பாத்தா வண்டியத் தூக்கிடுவான். ஏத்துங்க மச்சிய."

"எங்க போவ?"

"ஆஸ்பத்திரிக்குதான்."

"போன வாரம் மீனாட்சி புருசன இட்டுக்கினு போனியே. இன்னா ஆச்சு?"

பீர் முஹம்மது மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கீழ்வீட்டு மீனாட்சியின் புருஷன் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் ஒன்பது மணி நேரம் கிடந்தான். வரிசை நகர்வதற்கு முன்னால் அவன் நகர்ந்துவிட்டான்.

"அது அவங்க நேரம்க்கா."

"நேரம் இல்லடா. சொல்றதுக்கு ஒரு பெரிய ஆள் இல்ல அவளுக்கு. எனக்கு கீது. ஒரு மணி நேரம் பொறு. இவன் பேர் கூப்பிடுற வரைக்கும்."

"வாசல்ல போய் சீட்டு போட்டு உக்காந்தா எப்பனா கூப்புடுவான். இங்க உக்காந்துக்கினு இருந்தா?"

"நான் கேட்டு வாங்கறேன்டா. நீ பாரு."

முத்தம்மா இருபத்தாறு வருஷம் கடலோர ரோட்டில் மீன் விற்றவள். அவள் குரல் கிளம்பினால் பஸ் டிரைவர்கூட ஹாரனை விட்டுவிடுவான். அந்தத் தொழிலில் அவள் ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொண்டாள்: எதையும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்துவிட்டால் ஆள் தப்ப முடியாது. போனில் கேட்டால் 'பார்க்கலாம்' என்று வைத்துவிடுவான். ஏலத்தில் மீன் எடுக்கும்போதும் சரி, வார்டு ஆபீசில் தண்ணி லாரிக்கு நிற்கும்போதும் சரி, அவள் முகத்துக்கு முன்னால் போய் நின்றுதான் காரியம் முடித்திருக்கிறாள்.

நேற்று சாயங்காலமே அவள் ஆமைக்காரர்களின் தலைவி வைதேகி மேடத்துக்குப் போன் போடச் சொன்னாள். நிஷா பேச வாயெடுப்பதற்குள் வடிவேலு பிடுங்கிக்கொண்டான். "லேசா ஜொரம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றான். "ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ வடிவேலு. ஆனா நாளைக்கு கட்டாயம் வரணும். விஜயராகவன் சார் வரார். பெரிய அதிகாரியா இருந்தவர். இன்னிக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்" என்றாள் அந்தம்மா. ஸ்பீக்கரில் கேட்ட அந்தக் கடைசி வாக்கியம் தூண்டில் முள் மாதிரி முத்தம்மாவுக்குள் மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரியை ஓட்டினாள்.

"இன்னா சொல்லுவ? சொல்லு பாக்கலாம்."

"சார், வணக்கம்."

"அப்புறம்?"

"மூச்சு வாங்குது சார். பெட்டு வேணும்."

"ஆக்சிஜன் பெட்டு."

"ஆக்சிஜன் பெட்டு."

"வேற ஒண்ணும் பேசக் கூடாது. ஆமை கீமைன்னு ஆரமிச்ச, தொலைச்சிடுவேன்."

"சரிம்மே."

பீர் முஹம்மது படியில் உட்கார்ந்துகொண்டான்.

போனில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தது மாதிரி. கீர்த்தி என்ற காலேஜ் பெண் எல்லோரையும் வரவேற்றாள். "எல்லாரையும் நானே மியூட்ல போட்டிருக்கேன், சத்தம் வரக் கூடாதுன்னு. உங்க பேர் வரும்போது நான் திறந்துவிடுறேன்" என்றாள். முத்தம்மாவுக்கு அது புரியவில்லை. அவள் முகங்களில் பெரிய மனுஷன் யார் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"தோ, அவர்தான்மா."

விஜயராகவன் சார் வெள்ளைத் தலைமுடியோடு இருந்தார். பின்னால் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம். பேச ஆரம்பித்தார். தான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் கடற்கரை எப்படி இருந்தது என்றார். அப்புறம் பூமி எப்படி உண்டானது என்றார். நடுவில் ஒரு கை காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது. குடித்துவிட்டு, வைரஸ் மனிதனுக்கு என்ன சொல்கிறது என்று விளக்கினார்.

"இவர் ஒரு வார்த்த சொன்னா நடக்கும்னாங்களேடி. இவருக்கு ஒரு வார்த்தயோட நிறுத்தவே தெரியலயே."

வடிவேலு மறுபடி சிரிக்கப் பார்த்தான். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து போய் வந்தது. சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. முத்தம்மா முதுகுக்குப் பின்னால் தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். டி-சர்ட் அதற்குள் நனைந்துவிட்டது.

"எண்பத்தஞ்சும்மா."

நிஷா போனுக்குள் எதையோ அவசரமாகத் தட்டினாள். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, பெட் வேண்டும் என்று எழுதியதாகச் சொன்னாள். அவள் எழுதிய வரிக்கு மேலேயும் கீழேயும் கைதட்டும் பொம்மைகளும் சிவப்பு இதயங்களுமாக வந்து விழுந்தன. அந்த வரி மேலே மேலே போய் மறைந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி இதயங்கள்.

பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு பையன். வீட்டிலிருந்தே ஆமை வினாடி வினா நடத்தினானாம். அப்புறம் ஒரு பெண். தினம் ஓர் ஆமை வரைந்து போட்டாளாம். அவள் வரைந்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒருத்தன் கிடாரில் பாட்டு வாசித்தான். நல்ல பிள்ளைகள்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே வீட்டில் உட்கார்ந்து முத்தம்மா கையால் சுறாப்புட்டு தின்றவர்கள். இரண்டு பேர் அழக்கூடச் செய்தார்கள், கடற்கரையைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று.

"நைனா பேர் எப்போடி?"

"கடைசிம்மா. ஸ்பெஷலா வெச்சிருக்காங்களாம்."

"எத்தினி பேர் இன்னும்?"

"பதினாலு."

வாசலில் பீர் முஹம்மது எழுந்து நின்றான். "அக்கா. மச்சி ஒதட்டப் பாரு."

முத்தம்மா திரும்பிப் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் காத்தாகிவிட்டது. இப்போது எழுந்து போனால் காத்தது அத்தனையும் வீண். மீன் விற்கிறவளுக்கு இது தெரிந்த கணக்கு. வெயில் ஏறியபின் கூடையைத் தூக்கினால் நஷ்டம், உட்கார்ந்திருந்தால் அழுகல்.

"இன்னும் கொஞ்சம்தான்டா" என்றாள். அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

பதினொன்று ஐம்பதுக்கு வைதேகி மேடம் முகம் பெரிதாக வந்தது. "கடைசியா, எங்க எல்லாருக்கும் ஹீரோ" என்றாள். திரையில் வடிவேலுவின் போட்டோ. மணலில் மண்டி போட்டு, கூடை நிறையக் குஞ்சுகளோடு, பல் தெரிய. "நாங்க எல்லாம் ஆத்துக்குள்ள பத்திரமா உக்காந்துண்டிருந்தப்போ, தனி ஆளா இருநூறு குழியைக் காப்பாத்தினவர். வடிவேலு, எப்படி இருக்கேள்?"

"அங்கிள், இப்ப நீங்க பேசலாம்" என்றாள் கீர்த்தி.

முத்தம்மா அவன் தொடையில் கிள்ளினாள். வடிவேலு நிமிர்ந்தான். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, முதுகு அவள் தோளை விட்டு எழுந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். "நல்லாக்கீறேன்மா."

முத்தம்மாவின் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

"சார்... ஒரே ஒரு விசயம். இருபத்தேழாம் குழி... இன்னிக்குப் பொரியும். நேத்தே மண்ணு உள்வாங்கிருச்சு. கூட கவுத்து... வெச்சுக்கீறேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மலை ஏறி இறங்கினான். "கூடைக்குள்ளயே வுட்டா... வெயில்ல காஞ்சுரும். சாயங்காலம் யார்னா வந்து... தொறந்து வுடணும். என்னால இன்னிக்கு..."

அதற்கு மேல் காற்று இல்லை.

"பாருங்கோ, இப்பவும் அதே நினைப்பு!" என்றாள் வைதேகி மேடம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை வடிவேலு? எல்லாரும் ஒரு பெரிய கைதட்டு!"

முத்தம்மா போனை இரண்டு கையாலும் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அம்மா! சார்! இவனுக்கு மூச்சு வரலம்மா! ஒரு பெட்டு வாங்கிக் குடுங்கம்மா! ஒரு வார்த்த சொல்லுங்க சார்!" கடலோர ரோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரல். எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன. "உங்க கால்ல வுழறேன் சார்! ஆக்சிஜன் பெட்டு!"

கட்டங்களில் எல்லா முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாக் கைகளும் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன. வைதேகி மேடம் அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். விஜயராகவன் சார் தலையை ஆட்டி, பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார்.

"அம்மா, மியூட்டு! மூடிட்டாங்கம்மா! உன் குரல் அவங்களுக்குக் கேக்கல!" நிஷா அழுதுகொண்டே போனைப் பிடுங்கி எதையெதையோ அழுத்தினாள். திரை ஒரு முறை வெள்ளையானது. மீட்டிங் முடிந்திருந்தது.

பீர் முஹம்மது உள்ளே வந்து வடிவேலுவை அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

ஊரடங்கில் சாலை துடைத்து வைத்தது மாதிரி கிடந்தது. எங்கும் சிக்னல் இல்லை, ஆள் இல்லை. மற்ற நாளில் முக்கால் மணி நேரம் ஆகும் தூரத்தைப் பீர் முஹம்மது பத்து நிமிஷத்தில் கடந்தான். வடிவேலுவின் தலை முத்தம்மாவின் மடியில் கிடந்தது.

"கேக்கலாம்னுதான்மே இருந்தேன்" என்றான். அவள் குனிந்தால்தான் கேட்டது. "அத்தினி பேரு... பாத்துக்கினு இருந்தாங்க."

"பேசாதய்யா."

"கூச்சமா பூட்ச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வால் பிடித்து நின்றன. ஆட்டோவுக்குத் தனி வரிசை. பீர் முஹம்மது ஓடிப்போய்ச் சீட்டு வாங்கி வந்தான். நாற்பத்தொன்றாம் நம்பர். காவலுக்கு நின்றவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலையில வர்றதுக்கு என்ன? பத்தரைக்கு நாலு பெட்டு காலியாச்சு. வாசல்ல இருந்தவங்களை அப்படியே ஏத்துனாங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

பீர் முஹம்மது முத்தம்மாவைப் பார்க்காமல் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

இரண்டே கால் மணிக்கு, முப்பத்தாறைக் கூப்பிட்டபோது, நிஷா விரலிலிருந்த கருவியை எடுத்து உதறி மறுபடி மாட்டினாள். அதில் எண்ணுக்குப் பதிலாகக் கோடு வந்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு.

உடம்பு முழுக்க வெள்ளை உறை போட்ட ஒரு டாக்டர் பெண் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் பேசியது. பாடி நாளைக்குத்தான். ஆதார் வேண்டும். முகம் பார்க்க ஒரு நிமிஷம். கூட இருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. நிஷா கையெழுத்துப் போட இருந்துகொண்டாள். பீர் முஹம்மது முத்தம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மாடிப்படியில் மீனாட்சி ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு நான்கு படி பின்னால் ஏறிக்கொண்டாள். அங்கிருந்தே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். முத்தம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை அதே இடத்தில் வைத்தாள். அழுகை வரும் என்று அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. காலையில் கத்தியதில் தொண்டை புண்ணாகியிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அரிசி டப்பா நடுக்கூடத்திலேயே இருந்தது. இடுப்பில் செருகியிருந்த வடிவேலுவின் போன் முணுக்கென்றது. அவளுக்கு எழுத்து வாசிக்க வராது. குரலாக வந்ததை மட்டும் தட்டினாள். வைதேகி மேடம். "வடிவேலு, ரொம்ப அழகா பேசினேள். சர்டிபிகேட் அனுப்பியிருக்கேன், பாருங்கோ. இருபத்தேழு பொரிஞ்சா போட்டோ போடுங்கோ, எல்லாரும் காத்துண்டிருக்கோம்."

முத்தம்மா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தாமலே இறங்கினாள். வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வெயில் இறங்கியிருந்தது. கடற்கரையில் ஆமை வேலியின் கதவு வெறும் கயிற்றுக் கட்டுதான். உள்ளே வரிசையாகக் குச்சிகள். எழுத்து தெரியாதவளுக்கும் எண் தெரியும். இருபத்தேழில் கூடை கவிழ்ந்து கிடந்தது. அது அவளுடைய பழைய மீன் கூடை, மேலே ஒரு கல். சுற்றிலும் நாய் பறித்த தடம். கிட்டே போகும்போதே கேட்டது. உள்ளேயிருந்து நூறு நகங்கள் பிரம்பைச் சுரண்டும் சத்தம்.

அவள் உட்கார்ந்தாள். கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு இருட்டும் வரை அப்படியே இருந்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கியது, மறுபடி எழுந்தது. தூரத்தில் போலீஸ் வண்டி மைக்கில் எதையோ சொல்லிக்கொண்டு போயிற்று.

கல்லைத் தள்ளினாள். கூடையைத் தூக்கினாள்.

உள்ளங்கையில் பாதிகூட இல்லை ஒவ்வொரு குஞ்சும். ஓரத்தில் கிடந்தவை சில காய்ந்து சருகாகியிருந்தன. மற்றவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கின. இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டு, ஈரமணல் வரை தூக்கிப்போய்க் கொட்டினாள். எல்லாம் ஒரு கணம் நின்றன. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரோட்டு விளக்குகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.

"த்தூ, சனியனுங்களா. இந்தப் பக்கம்."

குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. வந்திருந்தாலும் அவற்றுக்குக் கேட்காது. வடிவேலு இந்த நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கி லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவை வரும். லாந்தர் வீட்டில் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். போனை எடுத்து, நிஷா காட்டிக்கொடுத்த மாதிரி தட்டினாள். சர்டிபிகேட் வந்தது. சுத்த வெள்ளைத் தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு, நடுவில் கூடையோடு பல் தெரியச் சிரிக்கும் வடிவேலு. நல்ல வெளிச்சம். கரையைப் பார்த்துத் திருப்பி, தாழ்த்திப் பிடித்தாள்.

முதலில் ஒன்று திரும்பியது. அப்புறம் நாலைந்து. அப்புறம் மணலே நகர்ந்து வருவது மாதிரி வந்தன. அலை வந்து முதல் வரிசையை வாங்கிக்கொண்டு போயிற்று. ஒன்று அவள் கணுக்காலில் முட்டி, சுற்றிக்கொண்டு போனது.

திரை மங்கியது. வந்துகொண்டிருந்தவை அங்கங்கே நின்றன.

முத்தம்மா கட்டைவிரலால் அவன் முகத்தைத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. அவை நகர்ந்தன. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.